வெண்ணெய் எடுத்த தண்ணீர்

போன மாதம் நாமக்கல்லிலிருந்து இரண்டு இளம் ஆசிரியர்கள் சைக்கிளில் என்னைத் தேடி வந்தார்கள். மேலிடத்திலிருந்து அவர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். விஞ்ஞான வகுப்பில் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும், பேசுகிற பிள்ளை தான் சொல்வதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், ஆசிரியர் குறுக்கே விழாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதாம்.

"நீங்க அந்தக் காலத்துலயே இப்படி வகுப்பு நடத்துனீங்கன்னு சொன்னாங்க. எப்படிங்க சார் நடத்துனீங்க?" என்று கேட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் இதைச் செய்ததற்காக என்னை ஊர் மாற்றப் பார்த்தார்கள். இப்போது செய்யாவிட்டால் மெமோ கொடுப்பார்களாம். வந்தவர்களுக்குக் கொடுத்த காப்பி ஆறிப்போகும் வரைக்கும் பேசினேன். முடிவில், "எழுதியே குடுத்துருங்க சார்" என்றார்கள். வாயால் சொல்லும்போது நான் கொஞ்சம் மசாலா சேர்ப்பேன் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எழுத்தில் அதைச் சேர்க்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் இளம்பிள்ளை. தறிக்காரக் குடும்பம். எங்கள் ஊரில் சேலை வாங்க வருகிற எந்த வியாபாரியும் மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விலை பேச மாட்டான். "நல்ல சேலைங்க" என்று என் அப்பா எத்தனை முறை சொன்னாலும், "சேலை சொல்லட்டும்" என்பான். நான் பிற்காலத்தில் வகுப்பில் செய்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். சேலத்தில் ட்ரெயினிங் படித்தேன். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பிரம்பைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி வைக்கவும் அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது முடிந்ததும், பரமத்தி வேலூரை ஒட்டிக் காவிரிக் கரையில் இருந்த ஒரு ஹையர் எலிமெண்டரி பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். ஊரைச் சுற்றி வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். எட்டாம் வகுப்பு வரை இருந்தது. எட்டாவது முடிவில் அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால் ட்ரெயினிங் போய் ஆசிரியர் ஆகலாம்.

எங்கள் ஹெட்மாஸ்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆத்தூர்க்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை, வெறுங்கால். அவருடைய கோட்டுப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். அது எழுதுவதற்கு அல்ல. வராந்தாவில் சத்தமில்லாமல் நடந்து வந்து, ஒரு வகுப்பின் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, அந்தச் சாக்பீஸைத் தரையில் போடுவார். விழுந்த சத்தம் அவர் காதில் கேட்டால் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். குனிந்து எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். கேட்காவிட்டால் அதை எடுத்து, வாயால் ஊதித் தூசி போக்கி, பையில் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். பிள்ளைகள் முன்னால் எந்த ஆசிரியரையும் அவர் திட்டியதில்லை. "மணி என்ன சார்?" என்று மட்டும் கேட்பார். எதிரே சுவரில் கடிகாரம் தொங்கிக்கொண்டிருக்கும். நாமும் பார்த்து மணி சொல்ல வேண்டும். அவர் போய்விடுவார். அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

என் வகுப்பில் அவர் நிறைய முறை மணி கேட்டிருக்கிறார்.

அதற்குக் காரணம் தவளை. ஒரு மழைக்கு மறுநாள் தவளையைப் பற்றிப் பாடம். முட்டையிலிருந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டையிலிருந்து தவளை என்று படம் போட்டு முடித்தேன். முத்துச்சாமி என்ற பையன் எழுந்து, "அது குளத்துத் தவளைக்குங்க சார். மழைத்தவளை வானத்துல இருந்து வுழுகும்" என்றான். வகுப்பே ஆமாம் போட்டது.

"நீ பார்த்தாயா?" என்றேன்.

"பாத்தேனுங்க சார். எங்கூட்டு வாசல்ல அம்புட்டு வுழுந்துச்சு."

"விழும்போது பார்த்தாயா, விழுந்து கிடந்ததைப் பார்த்தாயா?"

பையன் யோசித்தான். அவன் யோசித்ததை இன்றைக்கும் மெச்சுகிறேன். பொய் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். "வாசல்ல கெடந்ததைத்தானுங்க பாத்தேன். வுழுந்துருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்" என்றான்.

"வானத்திலிருந்து விழும் என்று யார் சொன்னது?"

"எங்க அப்பாரு சொல்லக் கேட்டேனுங்க."

ஒரே பேச்சில் மூன்று சமாசாரம் கலந்து கிடப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரும்பலகையின் இடது மூலையில் மூன்று வார்த்தை எழுதினேன். கண்டது. கேட்டது. நினைத்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளியில் இருந்த காலமெல்லாம் அந்த மூலையை யாரும் அழித்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மணியை இதற்கென்று ஒதுக்கினேன். சட்டம் இதுதான். பேச எழுகிற பிள்ளை, தான் சொல்லப்போவது மூன்றில் எது என்று முதலில் சொல்ல வேண்டும். கண்டது என்றால் எங்கே, எப்படி என்று மற்றவர்கள் கேட்கலாம். கேட்டது என்றால் யாரிடம் என்று சொல்ல வேண்டும். நினைத்தது என்றால் எதைக் கண்டு அப்படி நினைத்தாய் என்று சொல்ல வேண்டும். நினைப்பதில் தப்பில்லை. நினைத்ததைக் கண்டதாகச் சொல்வதுதான் தப்பு. புத்தகத்தில் படித்தது கேட்டதில் சேரும்.

இந்தக் கடைசி விதிதான் ஹெட்மாஸ்டரை உள்ளே வரவழைத்தது.

"புத்தகமுமா சார் கேட்டதில் சேர்த்தி?"

"எழுதினவர் கண்டிருப்பார் சார். நாம் அவரிடம் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்."

"மணி என்ன சார்?" என்றார்.

பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டுக் கிடைத்தால் பள்ளிக்கூடத்தோடு விடுவார்களா? ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். "பக்கத்தூட்டுக்காரி என்னைத் திட்டுனாளாம்" என்று சொன்ன தாயிடம், "கண்டதா, கேட்டதா?" என்று கேட்டு அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு. ஒருநாள் கல்யாணத் தரகர் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறையக் கோபமுமாகப் பள்ளிக்கே வந்துவிட்டார். பெண் பார்த்து எல்லாம் கூடி வந்து, வெற்றிலைத் தட்டை நீட்டுகிற நேரத்தில், பெண்ணின் தம்பி குறுக்கே நின்று, "மாப்பிள்ளை பீடிகூடக் குடிக்க மாட்டாருன்னு சொல்றீங்களே, அது கண்டதுங்களா, கேட்டதுங்களா, நெனச்சதுங்களா?" என்று கேட்டிருக்கிறான். தட்டு அப்படியே நின்றுவிட்டது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கண்ணாலத்தைப் பண்ணச் சொல்லியிருக்குதுங்க. இந்த வாத்தியாரு ஒரு பொய்யிக்கே தாப்பா போட்டுட்டாருங்க. எம் பொழப்பு என்னாவறது? இவர வேற ஊருக்கு மாத்திவுடுங்க" என்று தரகர் கேட்டார்.

ஹெட்மாஸ்டர் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு, "மாப்பிள்ளை பீடி குடிப்பாரா?" என்று மெதுவாகக் கேட்டார். தரகர் மோரைக் குடித்து முடித்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார்.

தரகர் போன பிறகு ஹெட்மாஸ்டர் என்னிடம் திரும்பினார். "கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்ன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. உங்க பலகை மூலையில கண்டது இருக்கு, கேட்டது இருக்கு. விசாரிப்பு எங்க சார்?" என்றார். வெள்ளிக்கிழமை மணியை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். நிறுத்தவில்லை. "இன்னொரு புகார் வந்தா எடுத்துடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய கதை.

மேட்டூரில் அணை எழும்பி, அங்கே தண்ணீரை விழவைத்துக் கரண்டு எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு வருவது அந்தத் தண்ணீர்தான். அந்த வருஷம் பார்த்து ஊரில் சில கொடிக்கால்களில் வெற்றிலை மஞ்சளாகி வாட ஆரம்பித்தது. கரண்டு எடுத்த தண்ணீரில் சத்துப் போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. எட்டாம் வகுப்பில் பாவாயி என்று ஒரு பெண் படித்தாள். எண்ணிப் பார்த்தால் அந்த வகுப்பில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா குப்பண்ணனுடைய கொடிக்காலுக்குத்தான் அடி பலம்.

பரீட்சை எழுதி ட்ரெயினிங் போக வேண்டும் என்பது பாவாயிக்கு உயிர். கேட்டால் வாய் திறந்து சொல்ல மாட்டாள். ஆனால் நான் பலகையில் எழுதும்போது தன் தொடையில் விரலால் எழுதிப் பழகுவாள். அந்தப் பெண் ஒருநாள் பாடம் நடக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"தை பொறந்ததும் கொடியெல்லாம் அறுத்துப் போட்டுட்டு, எல்லாருமா அவிநாசிப் பக்கம் எங்க மாமன் ஊருக்குப் போறமுங்க சார். இந்தத் தண்ணியில இனி வெவசாயம் ஆவாதுன்னு எங்கப்பா சொல்லிப்போட்டாரு. அங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாங்க."

பரீட்சை பங்குனியில். தையில் ஊரைவிட்டுப் போனால் எல்லாம் போயிற்று.

நான் குப்பண்ணனைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். பெண்ணைப் படிக்க வைத்ததற்கு ஊர் சிரித்தபோது திருப்பிச் சிரித்தவர். அகத்தி மரங்களில் ஏறியிருந்த கொடிகளுக்கு நடுவில் என்னை நிறுத்தி வைத்து அவர் பேசியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தயிரைக் கடைஞ்சு வெண்ணெய் எடுத்துட்டா மீதி என்னுங்க? மோரு. அங்க மேட்டூர்ல பெரிய பெரிய சக்கரம் போட்டுத் தண்ணியக் கடையறாங்களாமா. கடைஞ்சு கரண்ட எடுத்துக்கறாங்க. நமக்கு வாரது மோரு. மோருல கொடி மொளைக்குமுங்களா?"

தண்ணீர் சக்கரத்தின்மேல் விழுகிறது, விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றுகிறது, தண்ணீரிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க கண்டீங்களாங்க?" என்றார். மகள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் வைத்த கொள்ளி என் கூரைக்கே வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை இதையே வகுப்பில் போட்டேன். கரண்டு எடுத்த தண்ணீரில் சத்து உண்டா, இல்லையா? கேட்டதும் நினைத்ததும் நிறைய வந்தது. கண்டது என்று சொல்ல ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. ஆற்றுத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றி இரண்டு செடி வளர்க்கலாம் என்றான் ஒருவன். "கெணத்துத் தண்ணி எப்பவுமே வேறதானே, கரண்டாலதான் வேறயாச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்று இன்னொருவன் மடக்கினான். எனக்கு மனசு குளிர்ந்தது. ஒரே ஆற்றுத் தண்ணீர் வேண்டும், அணைக்கு மேலே எடுத்தது ஒன்று, கரண்டு எடுத்த பிறகு கீழே எடுத்தது ஒன்று என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். முத்துச்சாமியின் மாமன் வெற்றிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை மேட்டூருக்கு லாரி ஓட்டுகிறவர். திரும்பும்போது இரண்டு சீமெண்ணெய்த் தகரங்களைச் சுத்தமாகக் கழுவி, மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் பிடித்து வந்து கொடுத்தார்.

பள்ளிக்கூடத்து இறவாரத்தின் கீழே, மழை படாத இடத்தில், உடைந்த சட்டிகளில் மிளகாய் நாற்று நட்டோம். ஒரே மண், ஒரே பாத்தியில் பிடுங்கிய நாற்று, ஒரே வெயில். மேல்தண்ணீர் வரிசைக்கு முத்துச்சாமி பொறுப்பு. கீழ்த்தண்ணீர் வரிசையைத் தானே பார்த்துக்கொள்வதாகப் பாவாயி பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு சட்டிக்குக் காலையில் ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீர். இதைவிட நியாயமாக ஒரு சோதனை செய்துவிட முடியாது என்று எனக்குப் பெருமை. இரண்டு வரிசையும் ஒரே மாதிரி வளரும், குப்பண்ணனைக் கூட்டிவந்து காட்டிவிடலாம் என்று இருந்தேன்.

ஐப்பசி பிறப்பதற்குள் கீழ்த்தண்ணீர் வரிசை மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. மேல்தண்ணீர் வரிசை பச்சென்று நின்றது.

அந்த வெள்ளிக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, "கண்டேனுங்க சார்" என்று ஆரம்பித்து, கரண்டு எடுத்த தண்ணீரில் செடி செத்ததைச் சொன்னார்கள். எல்லாம் சரியாக, சட்டப்படி. நான் குறுக்கே விழுந்தேன். "இல்லை, தண்ணீரில் ஒரு குறையும் கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

பாவாயி எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் நேராக வந்தது.

"நீங்க சொல்றது கண்டதுங்களா சார், கேட்டதுங்களா?"

வகுப்பில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் வராந்தாவில் டக்கென்று சாக்பீஸ் விழுந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அது கேட்டது அதுதான் முதல் தடவை. என் வகுப்பு கடைசியில் திருந்திவிட்டது என்று ஹெட்மாஸ்டர் சந்தோஷப்பட்டுக்கொண்டு போயிருப்பார்.

"கேட்டதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? வெட்கமாக இருந்தது. அதற்கு அடியில், சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. என்னை இப்படிக் கேட்க ஒரு பிள்ளையைத் தயார் செய்துவிட்டேன் என்கிற சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டு ஜெயித்தால் அவளுடைய படிப்பு போகிறது. ஜெயித்துவிட்டோமே என்றுதான் அவள் அழுதாள்.

அப்போதுதான் ஹெட்மாஸ்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. விசாரிப்பு எங்க சார்?

"செடி செத்ததைக் கண்டோம். எதனால் செத்தது என்று கண்டோமா, நினைத்தோமா?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நெனச்சதுதானுங்க" என்று முத்துச்சாமி மெல்ல ஒப்புக்கொண்டான். எல்லாரையும் இறவாரத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு வரிசையிலும் ஆளுக்கொரு சட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். மேல்தண்ணீர்ச் சட்டி மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வேர் வெள்ளையாக இருந்தது. கீழ்த்தண்ணீர்ச் சட்டியில் மண் சேறாக வழிந்தது. வேர் கறுத்து அழுகி நாறியது.

"இதுல தண்ணி நெறைய இருக்குதே" என்றான் ஒருவன்.

எல்லாரும் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்தாள். "ஒரு கொட்டாங்குச்சி பத்தாதுன்னு ரெண்டு ஊத்துனேனுங்க சார். சில நாளு மூணு. சத்தில்லாத தண்ணியாச்சே, பாவம் பொழச்சுக்கட்டும்னு ஊத்துனேன்."

அந்தச் செடி பிழைத்தால் தன் படிப்பும் பிழைக்கும் என்று ஊற்றியிருக்கிறாள். பாசத்தால் கொன்றிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளோ குனிந்திருந்த தலையைச் சட்டென்று நிமிர்த்தினாள்.

"எங்கப்பாவும் ரெண்டு மடங்குதானுங்க சார் பாய்ச்சறாரு" என்றாள்.

அன்று மாலையே அவளோடு கொடிக்காலுக்குப் போனேன். போகிற வழியில், "நீங்க ஒண்ணும் வெளக்க வேண்டாமுங்க சார்" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். அப்பாவிடம் அவள்தான் பேசினாள். அழுகின வேரைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். வாடின கொடி ஒன்றின் தூரைத் தோண்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நாற்றம்.

குப்பண்ணனுக்குக் கோபம் வரவில்லை. புரியவும் இல்லை. "கஞ்சி தண்ணியா இருந்தா புள்ளைக்கு ரெண்டு சட்டி குடிக்க வெக்கறதில்லீங்களா வாத்தியாரே? அதுமாதரதான்" என்றார்.

நான் விளக்கவில்லை. "மேற்கோரத்து நாலு வரிசைக்கு மட்டும், அணை வருவதற்கு முன்னால் எப்படிப் பாய்ச்சினீர்களோ அப்படிப் பாய்ச்சுங்கள். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம்" என்றேன்.

"அறுக்கப்போற கொடிதானுங்களே. சரி, அம்மிணி கேக்குது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் சோதனையை மறுபடி தொடங்கினோம். செடிக்கு இரக்கம் காட்டாமல் இருக்க வழி என்ன என்று வகுப்பில் கேட்டபோது முத்துச்சாமி, "எந்தத் தண்ணி எதுன்னு நமக்குத் தெரியாம இருந்தா எரக்கம் வராதுங்களே" என்றான். அப்படியே செய்தோம். ஒரு தகரத்துக்கு மஞ்சள் பொட்டு, ஒன்றுக்குக் கரிப் பொட்டு. எது மேல்தண்ணீர், எது கீழ்த்தண்ணீர் என்பதை லாரிக்காரர் ஹெட்மாஸ்டர் ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். எனக்கும் தெரியக்கூடாது. இதைக் கேட்கப் பயந்துகொண்டே அவர் அறைக்குப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த மனிதர் பட்ட பெருமையைச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கொய்யாப்பழம் கொடுத்து மயக்கிப் பார்த்தார்கள். பழத்தை வாங்கிக்கொண்டு மணி கேட்டார். எங்கே முகத்தில் தெரிந்துவிடுமோ என்று செடிகள் இருந்த பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை. இரண்டு வரிசையும் ஒரே உயரத்தில் பூ வைத்திருந்தது. குப்பண்ணனை வரச்சொல்லிப் பாவாயி சொல்லிவிட்டு வந்திருந்தாள். வருவாரா என்பது தெரியாது. கொடியை அறுத்துவிட்டாரா என்று கேட்டால், "அப்பா ஒண்ணுமே பேசறதில்லீங்க சார்" என்றாள். முந்தின நாளெல்லாம் அவள் சாப்பிடவில்லை என்று முத்துச்சாமி என்னிடம் சொன்னான்.

கடைசி மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்துக் குப்பண்ணன் வந்தார். தோளில் துண்டு, கையில் ஈரச் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். வாசலிலேயே நின்றுகொண்டார். எத்தனை சொல்லியும் பெஞ்சில் உட்காரவில்லை. ஹெட்மாஸ்டர் உள்ளே வந்து, இரண்டு தகரத்தையும் மேஜைமேல் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மஞ்சள் பொட்டு கீழ்த்தண்ணி. கரிப் பொட்டு மேல்தண்ணி" என்று தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளைகள் வரிசைகளைப் பார்க்க ஓடினார்கள். குப்பண்ணன் நகரவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். கொழுந்து வெற்றிலை, எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது.

"மேக்கோரத்து நாலு வரிசைதுங்க. மிச்சத்துல பாதி போயிருச்சு. அளவுக்கு மிஞ்சுனா அமிர்தமும் நஞ்சுன்னு தெரிஞ்சவந்தான் நானு. தெரிஞ்சே ஊத்திப்போட்டேன். தப்புன பாதிக்கும் பத்து நாளா பழைய கணக்குலதான் பாய்ச்சறேன். கொழுந்து வருதுங்க."

பின் பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு, பழக்க தோஷத்தில், "அது கண்டதுங்களா, கேட்டதுங்களா?" என்று கேட்டுவிட்டது. நான் முறைத்தேன். குப்பண்ணன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நேராக நிமிர்ந்து நின்றார்.

"கண்டதுங்க, சாமி. தண்ணியில சத்து இருக்குது. இது கண்டது." பிறகு மகளைப் பார்த்தார். "நாங்க எங்கயும் போவலீங்க. எம் புள்ள பரீட்சை எழுதும், உங்களாட்டம் வாத்திச்சி ஆவும். இது நெனச்சதுங்க. கண்டதாக்கறது அவ பாடு, உங்க பாடு."

பாவாயி மேஜைக்குப் பின்னால் போய் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "மணி என்ன சார்?" என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளி விட்டு அரை மணி ஆகியிருந்தது. ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை.

அவள் பரீட்சை எழுதினாள், தேறினாள், ட்ரெயினிங் போனாள். அதிலிருந்து சில வருஷம் கழித்து, நான் ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பாவாயி வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் அங்கேதான் என்று கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை. வராந்தாவில் நின்றேன். உள்ளே ஒரே கூச்சல். "கேட்டதுங்க டீச்சர்", "இல்லீங்க, நெனச்சது", "நான் கண்டேன், நான் கண்டேன்". அவள் குரல் எங்கேயும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பேசவிட்டு நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. வராந்தா ஓரத்தில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. எங்கள் ஹெட்மாஸ்டரை நினைத்துக்கொண்டு, அதை எடுத்து நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டேன். கீழே விழுந்து இரண்டாக உடைந்ததைக் கண்டேன். சத்தம் கேட்கவே இல்லை.